பிஸ்கட் பேணியும் பாண் ஓட்டோவின் இருமலும்

என் கணவர் பேக்கரிப் பாண் விற்கிறவர். கடை வைத்து அல்ல. முச்சக்கர வண்டியின் பின்பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியைப் பொருத்திப் பூட்டி, விடியவும் பின்னேரமும் பாலையூற்று ஒழுங்கைகளுக்குள் கொண்டுபோய் விற்பார். கூரையில் ஒரு புனல் ஸ்பீக்கர் இருக்கிறது. இந்த நாட்டில் பாண் வாங்கித் தின்கிற எல்லாருக்கும் தெரிந்த அந்த மெட்டு அதிலிருந்துதான் வரும். அதை முதன்முதலில் பாணோடு சேர்த்துவிட்டவர் யாரோ தெரியாது. நான் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பாடம் நடக்கும்போது தெருவில் அந்த மெட்டுக் கேட்டால் அன்றைய அ, ஆ அதோடு சரி.

எல்லாப் பாண் ஓட்டோவும் ஒரே மெட்டைத்தான் போடும். எங்கள் ஓட்டோ மட்டும் இருமும். மெட்டு மேலே ஏறி உச்சியைத் தொடும் இடத்தில் 'கர்ர்' என்று ஒரு கமறல் வரும். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி பாட்டுத் தொடரும். பத்து வருடமாக எனக்கு அது பிடிக்காது. நான் சும்மா ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முதல் தொழில்நுட்பக் கல்லூரியில் ரேடியோ திருத்தும் படிப்பை முடித்து, பட்டினத்தில் ஒரு கடையில் மூன்று வருடம் வேலை செய்தவள். சத்தம் பிசகினால் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும் எனக்கு.

"ஒருநாளைக்கு அதைக் கழட்டிப் பாக்கிறன்" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்.

"ஓடுதுதானே, விடும்" என்பார். ஓடுகிற எதையும் தொடக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள அன்புவழிபுரம் சந்தியில் அந்த இருமல் கேட்டதும் நான் கேத்தலை அடுப்பில் வைப்பேன். அவர் வண்டியை நிறுத்தி, கால் கழுவி, கதிரையில் வந்து இருக்கத் தேநீர் சரியாக இருக்கும். இதையெல்லாம் நான் யோசித்துச் செய்ததே இல்லை.

மாரி மழை தொடங்கிய ஒரு நாள் அம்ப்ளிஃபயர் செத்துப்போனது. கொழும்பில் செய்து வந்த பெட்டி அது. மூடியைத் திறந்து மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் இறங்கி எல்லாம் கருகியிருந்தது. பிழைக்காது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

அடுத்த ஆறு நாளும் அவர் வாயால் கூவித்தான் பாண் விற்றார். என் கணவரின் குரல் எப்படியென்றால், அது தொண்டையைத் தாண்டி வெளியே வருவதற்கே அனுமதி கேட்கும். "பாண்... பாண்..." என்று அவர் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்கு இரகசியம் சொல்கிற மாதிரி இருக்கும். வீட்டு வாசல் படலைகளில் தட்டலாம்தானே என்று கேட்டேன்.

"தட்டினா அவையள் வாங்கத்தான் வேணும் எண்டு ஆகிடும். எனக்கு ஏலாது" என்றார்.

இப்படி ஒரு வியாபாரியை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?

அந்த ஆறு நாளுக்குள்தான் வேறொரு பேக்கரியின் புத்தம்புது ஓட்டோ ஒன்று பாலையூற்றுக்குள் நுழைந்தது. அதன் மெட்டு பளிச்சென்று இருந்ததாம். எங்களுக்குப் பாண் தரும் பேக்கரியின் முதலாளி தட்டுகள் பாதி நிறையத் திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை வரை பொறுப்பேன், அதற்குப் பிறகும் இப்படியென்றால் பாலையூற்றை வேறு ஆளுக்குக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். என் கணவர் பத்து வருடமாகப் போய்வந்த ஒழுங்கைகள் அவை. எந்த வீட்டு நாய் எந்தப் பக்கக் காலைப் பார்க்கும் என்பதுவரை அவருக்குத் தெரியும். அன்று இரவு அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் செய்து தாறன்" என்றேன்.

"என்னத்தை?"

"அம்ப்ளிஃபயர்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாயைத் திறந்திருந்தால் சண்டை வந்திருக்கும். நல்ல மனிதர், எழும்பிப் போய்க் கையைக் கழுவினார்.

அடுத்த நாள் பள்ளி விட்டதும் பட்டினத்துக்குப் போனேன். குறிஞ்சாக்கேணியிலிருந்து தினமும் வந்து ரேடியோச் சாமான் கடை திறக்கும் முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார். வேலை செய்த காலத்திலிருந்தே பழக்கம். ஸ்க்ரூ முதல் ஸ்பீக்கர்வரை அவருடைய கடையில் இல்லாதது இல்லை. அம்ப்ளிஃபயருக்கு ஒரு ஐசி வேண்டும் என்றேன்.

"அடடே, தங்கச்சியா! எவ்வளவு காலம்! ஐசி ஆருக்கு, மாப்பிளைக்கா?"

"இல்லை நானா, எனக்கு."

"இப்ப எல்லாம் பூட்டி முடிச்ச சேர்க்கிட் போர்டாவே வருதே. வயரைக் குடுத்தா பாடும்."

"அது வேண்டாம். நான் பூட்டுறன்."

சின்னக் கடதாசிப் பையில் இரண்டு ஐசி போட்டார். ஒன்று போதும் என்றேன்.

"ரெண்டா எடுங்க. ஒண்டு எரியும்."

"எரியாது."

"எரியும் தங்கச்சி" என்றார், காலநிலை சொல்கிற மாதிரி.

கோபத்தோடு இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஐசி ஐந்து கால் வைத்த ஒரு கறுப்புச் சாமான், விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு கால் மின்சாரம் வாங்கும், ஒன்று எர்த் என்கிற நிலத்துக்கு. ஒன்றில் மெட்டு மெலிசாக உள்ளே போகும், ஒன்றில் பெரிதாக வெளியே வரும். ஐந்தாவது காலுக்குத்தான் நான் அடிமை. வெளியே போன சத்தத்தில் ஒரு துளியை அது திருப்பி உள்ளே கொண்டுவந்து, 'நான் சொன்னது இதுதானா?' என்று சரிபார்த்துக்கொண்டே இருக்கும். கூடினால் அடக்கும், குறைந்தால் ஏற்றும். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் என்னுடையது.

அலுமாரியின் அடித்தட்டில் துணிக்குள் சுற்றி வைத்திருந்த சோல்டரிங் அயனை எடுத்தேன். சூடாகி, ஈயம் உருகி, அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. குசினி மேசையில் மூன்று பின்னேரம் இருந்தேன். கறிகள் உப்பில்லாமல் வந்தன, அவர் ஊறுகாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஐசி கொதிக்குமே, சூட்டை வாங்க ஒரு தகடு வேண்டும். சோற்றுச்சட்டியின் அலுமினிய மூடியை வெட்டினேன். அவர் மூடியில்லாத சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் ஒரு சதுரத் தகர பிஸ்கட் பேணிக்குள் பூட்டி முடித்தேன்.

முதல் ஐசி எரிந்தது. பற்றரியிலிருந்து வந்த இரண்டு வயரும் கறுப்பு. நான் மாறிக் கொடுத்துவிட்டேன். 'டப்' என்றது, அவ்வளவுதான். குறிஞ்சாக்கேணி நானா என் கண்முன் நின்று சிரித்தார். அவரிடம் இதை இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

இரண்டாவது பிழைத்தது. ஆனால் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் மெட்டுக்குப் பின்னால் 'ஊஊ' என்று ஒரு அழுகை. வேகம் கூடக்கூட அழுகையும் ஏறியது.

"ஓட்டோவும் சேர்ந்து பாடுது" என்றார் அவர், ஆசையோடு.

"பாட விடமாட்டன்."

நிலத்துக்குப் போகும் வயர்களை இரண்டு இடத்தில் பூட்டியிருந்தேன், அதுதான் பிழை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து பூட்டினேன், அழுகை நின்றது. தொட்டதுதான் தொட்டோம் என்று கூரையிலிருந்த புனல் ஸ்பீக்கரையும் இறக்கினேன். உள்ளே ஒரு குளவிக் கூடு. அதைத் தட்டி எறிந்தேன். உப்புக்காற்றில் பிடித்த துருவைச் சுரண்டினேன். பின்மூடியைப் பிடிக்கும் நாலு ஸ்க்ரூவில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ரப்பர் வாஷர் போட்டு நன்றாக இறுக்கினேன்.

பிறகு மெட்டைப் போட்டேன். கமறல் இல்லை, இரைச்சல் இல்லை, உச்சியிலும் கண்ணாடி மாதிரி நின்றது. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் இதுதான் சிறந்தது என்று எனக்கே தோன்றியது. பெருமையில் அழுகை வந்தது. வெங்காயம் வெட்டியதாகச் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை விடிய அவர் புதிய சத்தத்தோடு போனார். அன்று பின்னேரம் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது தெருவில் மெட்டுக் கேட்டது. எவ்வளவு துப்புரவான சத்தம்! எனக்குப் பற்றி எரிந்தது. பாலையூற்று போதாதென்று அந்தப் புதிய ஓட்டோக்காரன் எங்கள் ஒழுங்கைக்கும் வந்துவிட்டானா? நாலு வார்த்தை கேட்கலாம் என்று சேலையைச் செருகிக்கொண்டு படலைக்கு ஓடினேன். என் கணவர் இறங்கி நின்றார்.

"என்னப்பா, தேத்தண்ணி இல்லையோ?" என்றார்.

எனக்கு ஒரே சிரிப்பு. செய்த எனக்கே பிடிபடாத அளவுக்கு நல்ல சத்தம் என்று அதையும் என் கெட்டித்தனக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். தட்டுகள் நிறைந்தபடியே இருந்தன. வாயால் கூவிய நாட்களைவிட மோசம். ஒரு இனிப்புப் பணிஸ் மட்டும் குறைந்திருந்தது. அதையும் பஸ் ஸ்டாண்டடியில் வண்டியை நிறுத்தியபோது, பட்டினத்துக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று தின்றுவிட்டதாம்.

வியாழனும் அப்படித்தான். சனங்கள் அந்தப் புதியவனிடமே பழகிவிட்டார்கள், பத்து வருடப் பழக்கத்துக்கு இதுதான் மதிப்பு என்று நான் பாலையூற்று முழுவதையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் திட்டவில்லை. "நாளைக்கும் பாப்பம்" என்றார். சனிக்கிழமைக்கு இடையில் அந்த ஒரு நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் என் ஸ்கூட்டியில் அவருக்கு முன்னால் பாலையூற்றுக்குப் போய்விட்டேன். என் அம்ப்ளிஃபயரின் சத்தம் ஒழுங்கைக்குள் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று காதால் கேட்க வேண்டும். நடு ஒழுங்கையில் ஒரு தையல்கார அக்காவின் வீடு இருக்கிறது. அவருடைய பேத்தி என் பள்ளியில் படிக்கிறாள். அக்கா விறாந்தையில் மெஷினோடு இருந்தார், முன்னால் ஆளுயரத் தகரவேலி.

"வாங்கோ ரீச்சர். கேக்கவேணும் எண்டு இருந்தனான். உங்கட அவருக்கு என்ன, சுகமில்லையோ? ஒரு கிழமைக்கு மேல ஆளைக் காணேல்லை."

நான் பதில் சொல்ல வாயெடுக்கவும் தெருவில் மெட்டு வந்தது. தெளிவாக, அழகாக, ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிறைந்து வந்தது. அக்கா அசையவில்லை. ஊசியில் நூலைக் கோத்தார்.

"அக்கா, பாண் போகுதே" என்றேன்.

"அது மற்ற ஆள். புதுசா ஒருத்தன் வாறான். சத்தத்திலேயே தெரியும்தானே, சுத்தமா இருக்கும். நாங்கள் அவனிட்ட வாங்கிறேல்லை ரீச்சர். இந்த ஒழுங்கையில ஒருத்தரும் வாங்கிறேல்லை. உங்கட அவர் மழையிலயும் வந்த மனுசன். அவர் சுகமாகி வரட்டும் எண்டு பாணுக்குப் பதிலா ஒவ்வொரு விடியவும் இடியப்பம் அவிக்கிறம்."

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படலைக்கு ஓடினேன். அதற்குள் அவர் அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டார். மெட்டு மட்டும் கேட்டது.

"அது அவர்தான் அக்கா" என்றேன்.

"போங்கோ ரீச்சர். அவர்ர எண்டா இருமும்."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க முகம் எரிந்தது. அவர்கள் கைவிடவில்லை. உள்ளே இருந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு வீட்டையும் கடந்து போக, ஒவ்வொரு வீடும் அவருக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நடுவில் என் கெட்டித்தனம். நானே புதன்கிழமை சேலையைச் செருகிக்கொண்டு ஓடினேனே, அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? ஐந்தாவது காலுக்கு அடிமையாம். பேணிக்கு வெளியே என்ன கேட்கிறது என்று நான் ஒரு தரமும் சரிபார்க்கவில்லை.

அவர் வந்ததும் சொன்னேன். கால் கழுவ எடுத்த செம்பைக் கீழே வைத்தார். பிறகு கண் இரண்டும் கலங்கிப் போய்ச் சிரித்தார்.

"இடியப்பமோ?" என்றார். "எனக்காகவோ?"

"ஓம்."

"அப்ப ஒரு இருமல் வைச்சுத் தாருமன்."

"இருமல் என்ன மிளகாய்த்தூளோ, அளந்து போட?" என்று பாய்ந்தேன். உண்மையில் எனக்கு வழி தெரியவில்லை. நல்ல சத்தம் செய்யப் படிப்பித்தார்கள், கெட்ட சத்தம் செய்ய யாரும் படிப்பிக்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கினோம். அவர் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார், நான் பேணியைத் திறந்து வைத்துக்கொண்டு பாவச்செயல் செய்தேன். முதலில் சத்தத்தை அளவுக்கு மிஞ்சி ஏற்றினேன். மெட்டு முழுவதும் குரைத்தது.

"இல்லை. இது நாய்."

ஒரு ரெசிஸ்டரை மாற்றினேன்.

"இது தடிமன் பிடிச்ச சளி இருமல். எங்கடது வறட்டு இருமல்."

புனலுக்குள் பிளாஸ்டிக் துண்டொன்று வைத்தேன். இலையான் மொய்க்கிற மாதிரி இரைந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார். எனக்குக் கோபம் வந்து ஸ்க்ரூட்ரைவரை மேசையில் எறிந்தேன். அது உருண்டு போய்ப் புனலின் பின்பக்கம் முட்டி நின்றது. பின்மூடி. நாலு ஸ்க்ரூ.

பத்து வருடமாக நான் அம்ப்ளிஃபயரைத்தான் குற்றம் சொன்னேன். இருமல் அதில் இருக்கவே இல்லை. ஆடிக்கொண்டிருந்த அந்த ஒரு ஸ்க்ரூ, மெட்டு உச்சிக்குப் போகும்போது மட்டும் மூடியோடு சேர்ந்து அதிர்ந்திருக்கிறது. நான்தான் வாஷர் போட்டு அதன் வாயை அடைத்தேன். வாஷரைக் கழற்றினேன். ஒரு சுற்றுத் தளர்த்தினேன், கூடிவிட்டது. அரைச் சுற்று இறுக்கினேன். மெட்டு ஏறியது, உச்சிக்குப் போனது.

கர்ர்.

அவர் கண்ணைத் திறந்தார். "இதுதான்" என்றார்.

சனிக்கிழமை விடிய நானும் முன் இருக்கையில் ஒடுங்கிக்கொண்டு போனேன். பாலையூற்றின் முதல் ஒழுங்கைக்குள் திரும்பியபோது கூரைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மெட்டு ஏறி இருமியது. ஒரு படலை திறந்தது. எதிர் வீட்டுப் படலை திறந்தது. பிறகு எந்தப் படலை முதலில் திறந்தது என்று சொல்ல முடியாமல் போனது. பையோடும் சுளகோடும், பல் விளக்கும் நுரை வாயோடும் வந்தார்கள். அவருக்குக் காய்ச்சல் எப்படி என்று மூன்று பேர் கேட்டார்கள். அவர் எல்லாரிடமும் சுகம் என்றார். அவசரத்தில் ஒரு பணிஸைக் கீழே போட்டார்.

தையல்கார அக்கா இரண்டு பாண் வாங்கினார். இன்னும் ஒருநாள் இடியப்பம் என்றால் வீட்டில் கலவரம் வந்திருக்கும் என்றார். பிறகு கூரையைப் பார்த்துக் காது கொடுத்தார்.

"ஆ, இப்பத்தான் வடிவாத் திருத்தியிருக்கிறீங்கள்" என்றார் அவரிடம். "ஆர் செய்தது?"

"என்ர மனிசி" என்றார் என் கணவர். அந்த ஒரு முறை அவருடைய குரல் அனுமதி கேட்கவில்லை. நாலு வீட்டுக்குக் கேட்டது.

"கெட்டிக்காரி" என்றார் அக்கா.

முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் தட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் வெறுமையாகிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்த பாணையும் அவர் விற்றுவிட்டார்.

அன்று பின்னேரம் நான் போகவில்லை. வீட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடதாசிப் பூ வெட்டிக்கொண்டிருந்தேன். சந்திப் பக்கமிருந்து மெட்டு வந்தது. அது ஏறும்வரை கத்தரிக்கோலை நிறுத்திக்கொண்டு கேட்டேன். உச்சிக்குப் போய் இருமியது. எழும்பிப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.